அடித்தல் திருத்தல் இல்லை

நவுஷாத்தின் கதையில் சிவப்பு மை படாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஜாபருக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அவருடைய கதையில் மையே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது: "அடித்தல் திருத்தல் இல்லை."

இரண்டையும் பார்த்தவர் கொளஞ்சியப்பன். கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதுகிறவர். வாரப் பத்திரிகைகளில் அவர் கதை வருவதைப் பார்த்துத்தான் செருப்புக் கடை ஜாபருக்கும் மளிகைக் கடை நவுஷாத்துக்கும் அந்த ஆசையே வந்தது. கதையையும் அவர் பத்திரம் போலவே பார்ப்பார். ஒரு சொல்லை அடித்தாலும் அதன் பக்கத்தில் எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வீடு கிரயம் பண்ணியவன் மாதிரி நவுஷாத் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"இது எங்கிட்ட இருக்கட்டும் பாய், ஒரு வேல இருக்கு. வூட்ல இருக்கற நகல போட்டிக்கு அனுப்பிடுங்க" என்று ஜாபரின் கதையை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். படிக்காததை மறைக்கிறார் என்று ஜாபர் முடிவு கட்டிவிட்டார்.

அது தீபாவளி மலர்ப் போட்டி. ஜாபர் அனுப்பியதெல்லாம் இதுவரை திரும்பித்தான் வந்திருக்கிறது. நேற்று எழுத வந்த நவுஷாத்தின் பெயர் முதலில் அச்சில் வந்துவிட்டால், கடைத்தெருவில் எப்படி நடமாடுவது?

நல்லவேளையாக அனுப்பவும் வழியில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. செருப்புக் கடையும் மூடிக் கிடந்ததால் பொறாமைப்பட நேரம் தாராளமாகக் கிடைத்தது.

"அவனுக்கு மட்டும் ஒக்காந்து திருத்தறாரு. என்னுத பொரட்டிக்கூட பாக்கல" என்று மனைவி ரஜியாவிடம் புலம்பினார்.

"அப்ப தப்பு தப்பா எழுதிக்கினு போங்க, திருத்துவாரு" என்றாள் ரஜியா, அரிசி களைந்துகொண்டே.

கேலிக்குச் சொன்னாள். ஜாபர் நகலை எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

சந்தையில் விற்ற மாடு தானாக வீடு திரும்பும் கதை அது. வழியில் ஒரு பாம்பைச் சேர்த்தார். பாம்பை அடித்து, சிவப்பு மையில் "எதற்கு?" என்று எழுதினார் கொளஞ்சியப்பன். ஜாபருக்கு ஒரு கையெழுத்துப் போடக் கிடைத்தது. நவுஷாத்துக்கு அன்றும் பக்கம் பக்கமாகக் கிடைத்தது.

ஜாபர் விடவில்லை. மாட்டுக்காரனுக்கு ஒரு இரட்டைப் பிறவித் தம்பியைக் கொண்டுவந்தார். வீட்டைக் கொளுத்தினார். அதுவும் போதாமல், கடைசிப் பக்கத்தில் மாட்டையே பேச வைத்தார்.

கதை ரத்தக் களறியாகத் திரும்பியது. கை வலிக்கக் கையெழுத்துப் போட்டபோது ஜாபருக்கு இருந்த சந்தோஷம் நிக்காஹ் அன்றுகூட இருந்ததில்லை.

"ஒடம்பு ஏதாவது சரியில்லையா பாய்?" என்று கொளஞ்சியப்பன் கவலையோடு கேட்டார். நவுஷாத்தை அவர் இப்படி விசாரித்ததே இல்லை. அதை நினைத்து ஜாபர் உள்ளூரப் பூரித்தார்.

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் விட்டார்கள். சிவப்பு மை சொன்னபடி பாம்பு, தம்பி, தீ, மாட்டின் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜாபர் ஒரே மூச்சில் பிரதி எடுத்து, மை காய்வதற்குள் தபாலாபீசுக்கு ஓடினார். அங்கே கவரும் கையுமாக நவுஷாத் நின்றிருந்தான்.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் அவன் வயிறும் கொஞ்சம் எரியட்டுமே என்று ஜாபருக்குத் தோன்றியது.

"வரிக்கு வரி அண்ணன் திருத்துன கத. படிச்சுப் பாரு."

நவுஷாத் நின்றபடியே படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது. ஜாபருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கடைசிப் பக்கத்தை மடித்து அவர் கையில் திணித்தான் நவுஷாத்.

"இது நீங்க மொதமொதல்ல எழுதுனதாச்சே பாய்? இத எங்கிட்ட குடுத்துட்டு, 'இந்த மாதிரி வர்ற வரைக்கும் வுட மாட்டேன்'னுதான அண்ணன் தெனமும் என் கதய அடிச்சிக்கினு இருக்காரு!"