கண்ணாடி அறையில் மூச்சு மேடம்

ஆய்வு நிறுவனத்தின் புதிய கூட்ட அறைக்கு ஜன்னல் கிடையாது. நாலு பக்கமும் கண்ணாடிதான் இப்போதைய நாகரிகம் என்று இயக்குநர் திருவாய் மலர்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு.

அன்று அங்கே மூச்சு மேடத்தின் விசாரணை. பாக்டீரியா எப்படி மூச்சுவிடுகிறது என்று ஆராய்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அவர் ஆய்வைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்ய அரசுத் துறைச் செயலாளர் வந்திருந்தார்.

"பாக்டீரியாவோட சவ்வுல ஒரு புரதம் இருக்கு சார். ஆக்சிஜன் குறைஞ்சா மூச்சு வேலை தடைப்பட்டு எலக்ட்ரான்கள் தேங்கும். அதை அந்தப் புரதம் கண்டுபிடிச்சு, உள்ளே இருக்கிற இன்னொரு புரதத்துக்கு சேதி மாதிரி ஒரு பாஸ்பேட்டைக் கை மாத்திவிடும். அது போய் மரபணுக்களை அடக்கி, ஆக்சிஜன் செலவாகிற வேலையைக் குறைச்சிடும்," என்று விளக்கினார் மேடம்.

"யார் ஒப்புதலோட?" என்றார் செயலாளர்.

"யார் ஒப்புதலும் வேண்டாம் சார்."

"நடுவுல கண்காணிப்பாளர்?"

"இல்ல சார். நேரா போயிடும்."

"கட்டுப்பாடே இல்லாத ஜந்து!" என்றார் செயலாளர். இயக்குநர் வெட்கத்தோடு தலைகுனிந்தார், ஏதோ தன் வீட்டுப் பிள்ளையைச் சொன்ன மாதிரி.

அப்போது ஏசி நின்றது.

அறை புழுங்கியது, மூச்சு முட்டியது. எல்லோரும் இயக்குநர் முகத்தைப் பார்த்தார்கள். இயக்குநர் செயலாளர் முகத்தைப் பார்த்தார். வேர்ப்பதைக் காட்டிக்கொண்டால் பதவிக்கு இழுக்கு என்று செயலாளர் புன்னகை புரிந்தார். உடனே எல்லோருக்கும் புன்னகை வந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தார்.

"அக்கா ஏன் தரையில உட்கார்ந்திருக்காங்க?" என்றார் செயலாளர்.

"அவங்களுக்கு அது வசதி சார்," என்றார் இயக்குநர்.

அக்காவின் உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு மேடம் ஒரே பாய்ச்சலில் போய்க் கதவைத் திறந்தார்.

அடுத்த நொடி, கதவைத் திறந்தது தவறு என்று கத்திக்கொண்டே இயக்குநர் முதல் ஆளாக வெளியே ஓடினார். செயலாளர் அக்காவைத் தாண்டிக்கொண்டு ஓடினார். மற்றவர்கள் பதவி வரிசைப்படி ஓடினார்கள். அக்காவை மேடம்தான் இழுத்து வந்து தண்ணீர் தெளித்தார்.

மறுநாள் மேடத்துக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிக் காற்றை உள்ளே விட்ட குற்றம். அறையில் காற்றுக்குக் குறைவே இல்லை என்று எல்லோரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அக்காவும்தான்.

"நீங்களுமாக்கா?"

"எனக்கு மூச்சு முட்டுதுன்னு நான் சொல்லவே இல்லையேம்மா," என்றார் அக்கா. "நீயா எதுக்குக் கண்டுபிடிச்சே?"

மேடம் மெமோவைக் கிழிக்கப் போனார். ஆனால் ஆய்வு தொடர வேண்டுமே. உட்கார்ந்து பதில் எழுதினார்: 'வருந்துகிறேன். இனிமேல் மூச்சு முட்டினால் உரிய வழியில் விண்ணப்பித்துவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பேன்.'