சிவப்பு மூடி ஜாம்

தையல்காரர் அன்று காலை ஊரறிய ஒரு சபதம் செய்தார். ஊர் என்றால் அடுப்படி. கேட்டது மனைவி மட்டும்.

"சர்க்கரையைப் பாதியா குறைச்ச ஜாமை இந்த நாக்கு தொடாது!"

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இனிப்பைக் குறைக்கணும். தினமும் நடக்கணும்."

"நான் தையல்காரன். நான் உட்கார்ந்தாத்தான் மிஷின் ஓடும். நானும் ஓடினா துணியை யாரு தைக்கிறது?"

"அப்ப சர்க்கரையாவது குறையட்டும்."

"இவளே, ஜாமுக்குச் சர்க்கரைதான் காவல்காரன். அவனைப் பாதியா வெட்டினா பூஞ்சை சும்மா விடுமா?"

"அதுக்குத்தான் ஃப்ரிட்ஜ். குறைச்சா ஃப்ரிட்ஜ்ல வச்சு, சீக்கிரமா தின்னு தீர்க்கணும். நிறைய போட்டா அலமாரியே போதும். எனக்குத் தெரியாதா?"

அடுப்பில் திராட்சை கொதித்தது. இவர் முறைத்துக்கொண்டே கீழே கடைக்கு இறங்கினார்.

சாயங்காலம் வெள்ளை மூடி பாட்டில் ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தது. சிவப்பு மூடி பாட்டில்கள் கூடையில் ஏறி மாடிப்படிப் பக்கம் போயின.

"அது யாருக்கு?"

"விருந்தாளிக்கு. அவங்களுக்கு என்ன, சர்க்கரையா, கொழுப்பா? மொட்டைமாடி அறையில, பழைய ஃப்ரிட்ஜ்ல வைக்கப்போறேன். நீங்க அந்தப் பக்கமே போகக்கூடாது."

போகக்கூடாது என்றவள் இடத்தையும் சொல்லிவிட்டாளே! அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்தது.

மறுநாளிலிருந்து அவர் சட்டைப் பையில் சாக்குக்கட்டியோடு ஒரு ஸ்பூனும் குடியேறியது. கீழே கடை, நடுவில் வீடு, உச்சியில் ஜாம். நூல்கண்டு தேடி ஏறுவார், பித்தான் தேடி ஏறுவார், தேட ஒன்றுமில்லாவிட்டால் காற்று வாங்க ஏறுவார். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, பூனை பால் குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்பூன்.

"ஆகா! இதுல்ல ஜாம்! கீழ இருக்கறது வெறும் கஷாயம்!"

சந்தேகம் வராமல் இருக்க வேண்டுமே? மேசையில் வெள்ளை மூடியைத் துறவிபோல் ஒதுக்கினார். டீயிலும் சர்க்கரை வேண்டாம் என்றார். மனைவி நெகிழ்ந்துபோனதுபோல் தலையாட்டினாள்.

கொஞ்ச நாளில் அவருடைய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தன் இடுப்பைத் தானே அளந்தவர் டேப்பின்மேல் சந்தேகப்பட்டார். டாக்டரோ ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். வீடு திரும்பிய தையல்காரருக்கு வாய் நிற்கவில்லை.

"இவளே, ஒரு உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கேன். திருட்டு இனிப்பு உடம்புல ஒட்டாது! உன் சிவப்பு மூடியைத் தினமும் தின்னவன் நான்தான்!"

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, முழுச் சர்க்கரை போட்ட ஜாமுக்கு ஃப்ரிட்ஜ் எதுக்குங்க?"

காவல்காரனைப் பற்றிப் பிரசங்கம் செய்தவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப... ரெண்டும்?"

"ஒரே சட்டி."

"சிவப்பு மூடி?"

"வெள்ளை மூடி தீர்ந்துபோச்சு."

"அதுக்கு ஏன் மொட்டைமாடி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்?"

"நடக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

கோபப்படத்தான் பார்த்தார். இடுப்பு லேசாக இருந்ததில் கோபம் பிடிக்கவில்லை. அதோடு அந்த ஜாம் ருசியாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியுமா?

"சரி, சரி. அடுத்த சட்டியையாவது கீழ வை."

"கீழ ஏதுங்க இடம்? அடுத்த தெருவுல எங்க அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு இருக்கேன்."

தையல்காரர் சட்டைப் பையிலிருந்த ஸ்பூனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவங்க வீட்டுல... மத்தியானம் யாராவது இருப்பாங்களா?"