மருந்துக்கடைக்காரர் கலந்த மண்

"செடியா? ஜம்முனு இருக்கு" என்று மருந்துக்கடைக்காரர் போனில் மனைவியிடம் சொன்னபோது, பால்கனித் தொட்டியில் நான்கு இலைகளும் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மகளின் பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வர மூன்று மாதமாகும். இறந்துபோன தன் அப்பாவின் வீட்டை விற்றபோது அவள் கேட்டு வாங்கி வந்தது அந்த ஒரு செடியைத்தான். வருஷத்துக்கு ஒரு முறை பந்து போலச் சிவப்பாகப் பூக்கும். அன்றைக்கு முழுவதும் அப்பா வந்திருப்பதைப் போலவே பேசிக்கொண்டிருப்பாள்.

கிளம்பும்போது, "அதுக்குத் தண்ணி..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"முப்பது வருஷமா மருந்து கொடுக்கறேன். ஒரு செடியைப் பார்த்துக்கத் தெரியாதா எனக்கு?" என்று அவள் வாயை அடைத்திருந்தார். இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

நர்சரிக்காரரிடம் ஓடினார்.

"சத்து போதல சார். மண்புழு உரம் போடுங்க."

ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டார். இரண்டு இலைகள் விழுந்தன.

"அப்போ மண்ணு இறுகியிருக்கும். மணலைக் கலந்து விடுங்க."

கலந்தார். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே இறங்கி, கீழ்வீட்டு அம்மாள் உலர்த்தியிருந்த போர்வையை நனைத்தது. அந்த அம்மாள் போட்ட சத்தத்திலோ என்னவோ, மூன்றாவது இலையும் விழுந்தது.

"தேங்காய் நார்த் தூள் போடுங்க. தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும்."

பிடித்து வைத்துக்கொண்டது. தொட்டி ஒரு வாரம் சொதசொதவென்று கிடந்து, கடைசி இலையும் போயிற்று.

மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டியைக் கீழே தூக்கிப் போய் கேட் ஓரமாகக் கவிழ்த்தார். மண்ணுக்குள்ளிருந்து அழுகிய வெங்காயம் போல ஒன்று உருண்டது. "நோய்க்கு மூலமே நீதானா!" என்று அதையும் மண்குவியலில் வீசினார். பிறகு கடைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்துப் புது மண் கலந்து, மிஞ்சிய நாலு வேரைப் பக்குவமாக நட்டு, இரண்டு மாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்.

மனைவி வந்தாள். வெறும் தொட்டியைப் பார்த்தும் அவள் பதறவில்லை.

"பயந்துட்டீங்களா? வருஷா வருஷம் இலையைக் கொட்டிட்டுத் தூங்கும்ங்க. அப்போ தண்ணியே ஊத்தக் கூடாதுன்னு சொல்ல வந்தேன். கிழங்கு உள்ளே பத்திரமா இருக்கும்."

"கிழங்கா?"

"ஆமா. பெரிய வெங்காயம் மாதிரி."

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் கைவிட்டுத் துழாவிவிட்டு, வெறுங்கையை எடுத்தாள்.

"எங்கப்பா கையால வெச்ச கிழங்குங்க அது."

அவள் திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வாசல் மணி அடித்தது. பழைய பெயின்ட் வாளி ஒன்றை இடுப்பில் அணைத்தபடி காவலாளி நின்றிருந்தார். வாளியில் இலையே இல்லாமல், பந்து போல ஒரு சிவப்புப் பூ.

"கோச்சுக்காதீங்க சார். நீங்க கேட் ஓரமா கொட்டின மண்ணை, பீடி அணைக்கறதுக்குன்னு இதுல அள்ளி வெச்சேன். ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல, பாருங்க இப்படிப் பூத்து நிக்குது. நீங்க கலந்த மண்ணுன்னு சொன்னதும், இதை எப்படிப் பார்த்துக்கணும்னு உங்களைத்தான் கேட்கணும்னு நர்சரிக்காரர் சொன்னாரு!"