அவிநாசி ரோட்டில் ஓடிய காவேரி

கொங்கு நாட்டில் குடிப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. கல்யாணப் பேச்சு நடந்த வீடுகளில், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே இரு தரப்பாரும் ஒருமனதாக அறிவித்த புள்ளிவிவரம். அப்படியானால் மாலை நேரத்தில் கடை வாசலில் நிற்கும் வரிசை யாருடையது என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்களுடையது. பாவம், தண்ணீர் நல்ல ஊர் என்று நம்பி வந்தவர்கள்.

இந்தப் புள்ளிவிவரத்தைத் தாங்கி நிற்கும் தூண்களில் ஒருவர் கணபதி என்னும் ஊரின் திருமூர்த்தி. பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை முதலாளி. வயது ஐம்பத்தாறு. அவர் மகள் நந்திதாவுக்குக் கிணத்துக்கடவில் ஒரு வரன் தகைந்திருந்தது. தென்னந்தோப்புச் செங்கோடனின் மகன் சுரேந்தர். ஆவணி முதல் முகூர்த்தத்தில் உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்துகொள்வதாக ஏற்பாடு. இதற்கு முன் மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. நந்திதா தலை நிமிர்ந்து "சரிங்கப்பா" என்று சொன்னது இந்த ஒன்றுக்குத்தான். இதையும் கைவிட்டுப் போக விடுவதாகத் திருமூர்த்திக்கு உத்தேசமில்லை.

மாப்பிள்ளை வீட்டில் கார் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. செங்கோடனின் பெரிய மாமன் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எழுபத்தெட்டு வயதுக்குள் பதினோரு கல்யாணங்களை உப்புச் சக்கரைக்கு முதல் நாள் நிறுத்திக் காட்டிய பெருமகனார் அவர்.

"குடிக்கற குடும்பமா இருக்கக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

"ஏனுங்க மாமா இப்படிக் கேட்டுப்போட்டீங்க," என்றார் திருமூர்த்தி. "எங்க ஊட்ல இருமலுக்குக்கூட மாத்திரைதானுங்க. டானிக்கு வாங்கறதில்ல."

மாமன் திருப்தியாகத் தலையாட்டினார். செங்கோடனும் தன் தரப்பில் மோர்கூடப் புளிக்கும் முன்பே குடித்துவிடுவதாக உறுதி அளித்தார்.

இந்த நிலையில்தான் பேரிங் கம்பெனியின் டீலர் குலுக்கலில் திருமூர்த்திக்குப் பரிசு விழுந்தது. போன வருஷம் ஹாட்பாக்ஸ் விழுந்தது. இந்த வருஷம் அவிநாசி ரோட்டு நட்சத்திர ஓட்டல் ஒன்றில் தம்பதியாக இரண்டு நாள் 'ஸ்டேகேஷன்'. ஊரைவிட்டுப் போகாமலேயே ஊருக்குப் போய்வரும் இந்த ஏற்பாடு மனித நாகரிகத்தின் உச்சம் என்பதில் ஐயமில்லை. கணபதியிலிருந்து ஓட்டல் ஆறு கிலோமீட்டர். அவர் மனைவி வசந்தாமணி அதற்காகக் கட்டுச்சோறு கட்டி, போர்வை, குடை, ஊறுகாய், தைலம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஓட்டலில் போய்ப் படுத்திருந்தார்கள் என்று பேச்சு வரக் கூடாதல்லவா? அதனால் சொந்தபந்தங்களிடம், கொடுமுடிக்குப் போய்க் காவேரியில் முங்கிச் சாமி கும்பிட்டு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆடி மாசத்தில் பெரியவர்கள் காணாமல் போக அதைவிட மரியாதையான ஊர் இல்லை.

ஓட்டலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கூப்பனின் கடைசி வரியில்தான் வினை இருந்தது: மாலை ஐந்து மணிக்கு 'சிப் அண்ட் பெயிண்ட்'. தூரிகையே பிடித்தறியாதவர்களுக்கான ஓவிய வகுப்பு, உடன் ஒயின்.

"ஒயினுங்களா?" என்று வசந்தாமணி இழுத்தார்.

"கூப்பன்ல போட்டிருக்குது அம்மணி. விட்டுப்போட்டு வந்தா ஓட்டல்காரனுக்குத்தான் லாபம்." திருமூர்த்தி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவுமில்லாம, ஒயினெல்லாம் குடியில சேராது. டாக்டருக எழுதிக் குடுக்கறது."

எந்த டாக்டர் என்று வசந்தாமணி கேட்கவில்லை. அதுதான் இல்லறம்.

கண்ணாடிச் சுவர் போட்ட கூடத்தில் எட்டு மேசைகள் இருந்தன. ஆடி மாசமாதலால் ஏழு காலி. சொல்லிக் கொடுக்க வர்ஷினி என்ற பெண் நின்றிருந்தாள். ஓவியக் கல்லூரியில் படித்தவள், வயது இருபத்தாறு இருக்கும். ஆளுக்கு ஒரு ஏப்ரன் மாட்டிவிட்டாள். ஆளுக்கு இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைத்தாள், ஒன்றில் தூரிகை கழுவத் தண்ணீர், மற்றதில் சிவப்பு ஒயின். தனக்கு மட்டும் எவர்சில்வர் பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றிக்கொண்டாள்.

"நீ குடிக்கலையா கண்ணு?" என்றார் வசந்தாமணி.

"இல்லீங்கம்மா, எனக்குப் பழக்கமில்ல. ஊத்தறதோட சரி."

வரைய வேண்டியது இத்தாலி தேசத்து ஏரி ஒன்றில் சூரியன் மறையும் காட்சி. வர்ஷினி வரைந்த பெரிய மாதிரிப் படம் முன்னால் நின்றது. திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துப் போய்ச் சூரியனை அளந்தார்.

"நாப்பத்திரண்டு எம்எம் வருது. டாலரன்ஸ் எவ்வளவு கண்ணு? கூடக் கொறைய எவ்வளவு போகலாம்?"

"மனசுக்குத் தோணற அளவு போடுங்கப்பா. இதுல தப்புன்னே ஒண்ணும் கிடையாதுங்க."

"தப்பே கிடையாதுன்னா அப்பறம் எப்படி இன்ஸ்பெக்‌ஷன் பண்றது?" என்று அவர் மெய்யாகவே கவலைப்பட்டார். கவலையில் ஒரு குவளை காலியாயிற்று.

வசந்தாமணி ஒரு மிடறு குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "நாவப்பழச் சாறாட்டந்தான் இருக்குது. சித்தெ புளிச்சுப்போச்சு." புளித்ததை வீணாக்குவது அவர் பரம்பரையில் இல்லை. இரண்டாவது குவளை முடிந்தபோது முகம் மலர்ந்து, "எந்தூரு கண்ணு நீ?" என்றார்.

"கொடுமுடிங்கம்மா."

"அப்படியா, நாங்களும் இப்பக் கொடுமுடிலதான் இருக்கறோம்," என்றார் வசந்தாமணி. திருமூர்த்தி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

மூன்றாவது குவளை நிரம்பிய நேரத்தில் கதவு திறந்தது. தங்கள் கல்யாண நாளுக்கு மகன் இணையத்தில் பதிவு செய்து கொடுத்த பரிசை அனுபவிக்க இன்னொரு தம்பதி உள்ளே வந்தார்கள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். கிணத்துக்கடவு செங்கோடன். அவர் மனைவி ராசாத்தாள். அவர்களும் ஊரில் கொடுமுடிக்குப் போவதாகத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

திருமூர்த்தியின் கண்முன் மகளின் கல்யாணம் மேசைமேல் சிவப்பாகத் தளும்பிக்கொண்டிருந்தது. பட்டறையில் நாற்பது வருஷம் விரலைக் காப்பாற்றிய கைதான் இப்போதும் காப்பாற்றியது. கையிலிருந்த நீலத் தூரிகையை ஒயினுக்குள் முக்கி, கடகடவென்று கலக்கினார்.

"வாங்க சம்மந்தி, வாங்க. சௌக்கியமுங்களா? இது தூரிகை கழுவற தண்ணிங்க."

"நல்லாருக்கறமுங்க," என்றார் செங்கோடன். அவர் மேசையிலும் அதற்குள் ஒயின் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தார். தன் தூரிகையை எடுத்தார். முக்கினார். "எங்களுக்கும் அதே தண்ணிதானுங்க வெச்சிருக்கறாங்க."

இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொங்கு நாட்டு மரியாதை என்று ஒன்று இருக்கிறது. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்காவிட்டால் அது ஏழு தலைமுறைக்குப் பேச்சாகும். சிவப்புத்தான் கழுவுகிற தண்ணீர் என்றால், குடிக்கிற தண்ணீர் எது? திருமூர்த்தி தன் மேசையிலிருந்த மற்றக் குவளையை இரு கையாலும் எடுத்து நீட்டினார். அதில் இரண்டு தூரிகைகள் ஒரு மணி நேரம் குளித்திருந்தன. இத்தாலியின் வானம் முழுதும் அதில் இருந்தது.

"தண்ணி குடிங்க சம்மந்தி."

செங்கோடன் அந்த நீல நீரைப் பார்த்தார். சம்மந்தி கொடுத்த தண்ணீரை மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்ததாகும். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நீல மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல ருசிங்க. சிறுவாணித் தண்ணிங்களா?"

"சிறுவாணியேதானுங்க," என்றார் திருமூர்த்தி. வர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அதன்பின் நால்வரும் ஒயினைத் தொட்டுத் தொட்டே வரைந்தார்கள். வேறு வழியில்லை. ராசாத்தாள்தான் முதலில் ஒரு நுணுக்கத்தைக் கண்டுபிடித்தார். ஒயினில் முக்கிய தூரிகையை, ஊசியில் நூல் கோக்கும் முன் செய்வதுபோல, வாயில் வைத்து உறிஞ்சிக் கூராக்கினார்.

"முனை கூரா இருந்தாத்தானுங்களே கோடு நேரா வரும்," என்றார் பொதுவாக.

அந்தக் கலை நுணுக்கம் உடனே பரவியது. நால்வரும் முக்கினார்கள், கூராக்கினார்கள். அரை மணி நேரத்தில் கேன்வாஸில் நாலு கோடு விழுந்தது, குவளை நாலும் வற்றியது. "கழுவற தண்ணி தீந்துபோச்சு கண்ணு," என்று செங்கோடன் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. வர்ஷினி புதுத் தூரிகைகளைக் கொடுத்து, "பெயிண்டு உள்ள போயிருமுங்க, சுத்தமான தூரிகையிலயே கூராக்குங்க," என்று மட்டும் கெஞ்சினாள்.

அப்போது செங்கோடனின் போன் அலறியது. பெரிய மாமன். வீடியோ அழைப்பு. எடுக்காவிட்டால் பேச்சாகும். செங்கோடன் கேமராவை விரலால் மூடிக்கொண்டு எடுத்தார்.

"ஏப்பா செங்கோடா, கொடுமுடிலதான இருக்கற? ஒண்ணுந் தெரியமாட்டீங்குதே. காவேரில தண்ணி எவ்வளவு போகுதுன்னு காட்டு பாக்கலாம்."

"சித்தெ பொறுங்க மாமா. படிக்கட்டு எறங்கறோமுங்க. வழுக்குது."

படிக்கட்டு இறங்கும் முகம் நாலும் வெளுத்துப்போயிற்று. வசந்தாமணியின் கண்ணில் நீர் முட்டியது. "என்ற புள்ள கல்யாணம் போச்சு," என்று முனகினார். திருமூர்த்தி கையெடுத்து வர்ஷினியைக் கும்பிட்டார். அப்படி ஒரு கும்பிடை அவர் குலதெய்வம்கூடப் பார்த்ததில்லை.

வர்ஷினி ஒரு நொடி யோசித்தாள். மீதி ஒயின் பாட்டிலை எடுத்துத் தன் மாதிரிப் படத்தின் ஏரிமேல் சாய்த்தாள். இத்தாலி தேசத்து ஏரி கரை புரண்டது. ஓரத்தில் இருந்த மாதா கோயில் நாலு இழுப்பில் கோபுரமாயிற்று. பக்கத்தில் கொடுமுடிக் கோயிலின் வன்னி மரமும் முளைத்தது. செங்கோடன் போனை அதன்மேல் பயபக்தியுடன் மெதுவாக நகர்த்தினார். ராசாத்தாளும் வசந்தாமணியும் பாட்டில் வைத்திருந்த ஐஸ் வாளிக்குள் கைவிட்டு அளைந்து ஆற்றுச் சத்தம் கொடுத்தார்கள்.

"தண்ணி என்னப்பா இத்தன செவப்பு?"

செங்கோடன் விழித்தார். வர்ஷினிதான் பின்னாலிருந்து சொன்னாள். "புதுத் தண்ணிங்க தாத்தா. மேக்க நல்ல மழைங்க."

"அது ஆரப்பா?"

"படித்துறைல பூ விக்கற புள்ளைங்க மாமா."

"நல்ல அடக்கமான குரலு. குடும்பத்துப் புள்ள," என்று சான்றிதழ் வழங்கினார் மாமன். "செரி, நல்லா முங்கிப்போட்டு வாங்க." நால்வரும் அந்த நேரத்தில் நன்றாகவே முங்கியிருந்தார்கள்.

போன் அடங்கியதும் வசந்தாமணி வர்ஷினியைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் கூச்சத்தோடு சொன்னாள். "எனக்கும் ஊட்ல மாப்பிள்ள பாக்கறாங்கம்மா. இங்க வேலைன்னு கேட்டாலே எந்திரிச்சுப் போயிர்றாங்க. ஆராச்சும் விசாரிச்சா, புள்ள நல்ல புள்ளன்னு நாலு வார்த்த சொல்லுங்க, போதும்."

"நாலென்ன கண்ணு, நாப்பது சொல்றேன்," என்றார் திருமூர்த்தி. அந்த நிமிடத்தில் அவர் அதை மனசாரத்தான் சொன்னார்.

இரு குடும்பமும் தற்செயலாகக் கொடுமுடியில் சந்தித்தது தெய்வச் செயல் என்று ஊரார் ஒப்புக்கொண்டார்கள். ஆவணியில் உப்புச் சக்கரை மாறியது. ஐப்பசியில் தாலி ஏறியது. ஒயினில் வரைந்த படங்கள் 'கொடுமுடிக் காவேரி' என்ற பெயரில் கணபதியிலும் கிணத்துக்கடவிலும் பூஜை அறைகளில் மாட்டப்பட்டன. வருகிறவர்கள் அவற்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

தை மாதம். தலைப் பொங்கலுக்கு நந்திதாவும் மாப்பிள்ளையும் வந்திருந்த நாளில் பெரிய மாமன் போன் செய்தார்.

"என்ற பேரனுக்கு ஒரு சாதகம் வந்துருக்குதுங்க. கொடுமுடிப் புள்ள, பேரு வர்ஷினி. பத்துக்கு ஒம்பது பொருத்தம். பையனுக்கும் புடிச்சுப்போச்சு. உங்க பக்கத்துல அவிநாசி ரோட்டு ஓட்டல்ல படம் போடச் சொல்லிக் குடுக்குதாமா. புள்ள எப்படீங்க?"

நாற்பது வார்த்தையும் திருமூர்த்தியின் நாக்கு நுனிக்கு வந்தன. நல்ல புள்ள என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மாமன் கேட்பார். கூடத்தில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பூஜை அறையில் காவேரி சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மனசு உறுத்தியது. அரை நிமிடம் நன்றாகவே உறுத்தியது.

"நமக்குப் பழக்கம் இல்லீங்க மாமா," என்றார். "ஆனா, அங்க ஒயின் ஊத்தறாங்கன்னு காதுல உழுந்துது. நாலு பேரு குடிக்கற எடத்துல நிக்கற புள்ளைங்க. நம்மளாட்டக் குடும்பத்துக்கு ஆகுமுங்களா?"

"அதுக்குத்தான் உங்களையக் கேட்டனுங்க. குடிக்காத மனுசன் சொன்னாத்தான அது வார்த்த," என்றார் மாமன். அவர் நிறுத்திய கணக்கில் பன்னிரண்டாவது கல்யாணம் அத்துடன் நின்றது.

ஆகவே, தொடக்கத்தில் தந்த புள்ளிவிவரத்தில் ஒரு சிறு திருத்தம். கொங்கு நாட்டில் குடிப்பவர் ஒரே ஒருவர் இருக்கிறார். பெயர் வர்ஷினி. குடிப்பது சுக்குக் காபி.