பதினான்கு மீனும் ஒரு மண்டலமும்

சிவசண்முகம் மூன்றாவது தடவை எண்ணியபோதும் பதிமூன்றுதான் வந்தது. கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, நான்காவது தடவையும் எண்ணினார். பதிமூன்று. நேற்றுவரை பதினான்கு.

"ஏங்க, காப்பி ஆறுது. அங்கன என்ன பாத்துக்கிட்டு இருக்கிய?" அடுக்களையிலிருந்து ஞானம்பாள் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. பாசி பிடிச்சிருக்கான்னு பாக்கேன்."

மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். தாலுகா ஆபீஸ் கண்காணிப்பாளர், சைவ சபைச் செயலாளர், முட்டை கலந்த கேக்கைக்கூட முகர்ந்தே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறவர். ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

வந்த வினை இதுதான். வண்ணார்பேட்டையில் வண்ணமீன் கடைக்காரர், "லோச்சுன்னு ஒரு இனம் இருக்கு சார். நம்ம ஆத்து அயிரையும் அதுல ஒண்ணுதான்" என்று சொல்லி வைத்தார். சிவசண்முகத்துக்குப் பொறி தட்டியது. ஆபீஸில் அவருக்குக் கீழே ஒன்பது பேர். ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை கிடையாது. மீனையாவது ஒற்றுமையாக வைத்துக் காட்டிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட வெளிநாட்டு கிளவுன் லோச் நாலு, உடம்பெல்லாம் கோடு கிழித்த வடநாட்டு யோயோ லோச் நாலு, தாமிரபரணி அயிரை ஆறு. எல்லாம் ஒரே தொட்டியில்.

தொட்டியை வைத்த இடம்தான் தகராறு. அது ஞானம்பாளின் தையல் மிஷின் இருந்த ஜன்னலோரம். வீட்டில் வெளிச்சம் விழும் ஒரே இடம். மிஷின் பின்கட்டு இருட்டுக்குப் போனது. ஊசியில் நூல் கோக்க அவள் வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது.

"வெளியூர்க்காரனுவ எக்கேடும் கெட்டுப் போறானுவ. நம்ம ஆத்துப் பிள்ளையளக் கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சிருக்கியளே, பாவமில்லையா?" என்றாள். பிறகு தீர்ப்பும் சொன்னாள். "ஒரு மண்டலம் தாரேன். நாப்பத்தெட்டு நாளும் பதினாலு மீனும் பதினாலா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் தொட்டி வெளிய, மிஷின் உள்ள."

"சரி, பாத்துருவோம்" என்றார் சிவசண்முகம். இது ஆறாவது நாள்.

காப்பியைக் குடிக்காமலே சைக்கிளை எடுத்தார். படித்துறைக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் அசன் மைதீனைப் பிடித்தார்.

"அயிரை இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. குழம்புக்கு எவ்வளவு போட?"

"சிவ சிவா! உசிரோட ஒண்ணு குடும்."

"ஒண்ணா? ஒத்த அயிரைய வச்சு யாரு அண்ணாச்சி குழம்பு வைப்பாக?"

பாலித்தீன் பையில் தண்ணீரோடு வாங்கி, டிபன் பைக்குள் ஒளித்து வந்து தொட்டியில் விட்டார். அதற்குள் கோயிலுக்குப் போய்விட்டிருந்த ஞானம்பாள் தூக்குவாளியோடு திரும்பி வந்து, தொட்டி முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினாள்.

"பதினாலா இருக்கு?" என்றாள் முகம் சுருங்க.

"பின்ன?" என்றார் இவர். பாவம், தோற்கிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் இன்னொரு அயிரை இல்லை; அதற்கும் ஒன்று வாங்கி விட்டார். கிளவுன்தான் விழுங்குகிறதோ என்று சந்தேகம். அயிரைகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று உடைந்த ஓடுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பதினான்கும் ஓட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரமாகி ஆபீஸுக்குத் தாமதம்.

தொட்டி அடியில் பரப்பியிருந்த பாறைச்சில்லு மீன்களின் உடம்பைக் கிழிக்குமோ என்று அதன்மேல் ஆற்று மணலைக் கழுவாமல் கொட்டினார். இரண்டு நாள் தொட்டி புதுவெள்ளம்போலக் கலங்கிக் கிடந்தது. கலங்கல் தெளிந்தபோது ஒரு கிளவுன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. போச்சு என்று பதறிக் கையை விட்டார். அது எழுந்து அலட்சியமாக நீந்திப் போயிற்று. அந்த மீன் அப்படித்தான் தூங்குமாம். அவருடைய கைக்கடிகாரம்தான் செத்தது.

குதித்து ஓடுகிறதோ என்று கம்பிவலை மூடி போட்டுச் செங்கல்லையும் ஏற்றி வைத்தார்.

"இந்தச் செங்கல்லு எதுக்கு? தூசி தட்ட முடியல" என்று ஞானம்பாள் எரிந்து விழுந்தாள்.

அதற்குப் பிறகு தினம் இரண்டு காணாமல் போயின. தினம் இரண்டு வாங்கினார். ஒருநாள் வாங்கிய அயிரைக்கு வாலில் சின்னக் கிழிசல். போன வாரம் தொலைந்ததற்கும் அதே இடத்தில் கிழிசல் இருந்தது. ஒரே தாய் பிள்ளையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மூன்று ஊர் மீனும் ஒரே ஓட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதற்காக எத்தனை அயிரை வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருந்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. சைக்கிளை எடுக்கப் போனவரை வாசலிலேயே ஞானம்பாள் மறித்தாள். கையில் தூக்குவாளி, முகம் சிவந்திருந்தது.

"எதிர்த்த வீட்டுச் சாரம்மாள் கேக்கா. 'அண்ணாச்சி தினம் அயிரை வாங்கிட்டு வாராகளே, புளி கரைச்சு ஊத்துவியளா, தேங்கா அரைச்சு விடுவியளா'ன்னு. சைவ சபைச் செயலாளரு செய்யுத காரியமா இது? எந்த ஓட்டல்ல குடுத்துப் பொரிச்சுத் திங்கிய?"

சிவசண்முகம் எதிர்த்த வீட்டு ஜன்னலைப் பார்த்தார். தொட்டி போனால் போகிறது, மானம் போகலாமா?

"ஏட்டி, சத்தம் போடாத. நான் திங்கல. தொட்டியில அயிரை தினமும் காணாமப் போகுது. உனக்குத் தெரியாம வாங்கி வாங்கி விட்டேன். நான் தோத்துட்டேன், போதுமா? மிஷினக் கொண்டாந்து போடு."

இவ்வளவு பாடுபட்டும் நடக்கவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

ஞானம்பாள் கையிலிருந்த தூக்குவாளியைக் குனிந்து பார்த்தாள். கோபத்தில் அதைத் தூக்கி எறியப் போகிறாள் போலிருக்கிறது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது தெருவில் சைக்கிள் மணி கேட்டது. ஈர வேட்டியோடு அசன் மைதீன் இறங்கினான். கையில் தண்ணீரும் இரண்டு அயிரையுமாகப் பாலித்தீன் பை.

"அண்ணாச்சியக் காணுமேன்னு நானே கொண்டாந்துட்டேன்."

"நல்ல நேரத்துக்கு வந்தேரு வே" என்றார் சிவசண்முகம். "நான் இத என்னத்துக்கு வாங்குதேன்னு இவகிட்ட சொல்லும்."

"தொட்டிக்குத்தாம்மா. அண்ணாச்சி கறி திங்குத ஆளா?" என்ற அசன் மைதீன், அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானான்.

"அட, நீங்கதானாம்மா தினமும் படித்துறையில அயிரைய விடுத புண்ணியவதி! நாளையிலேருந்து கொஞ்சம் வெள்ளன வந்து விடுங்கம்மா. நான் கீழ நின்னு பிடிச்சு முடிக்கதுக்குள்ள அண்ணாச்சி வந்துருதாக."