கம்ப்யூட்டருக்கு ஒரு போகி

கம்ப்யூட்டருக்கும் போகி உண்டு என்று முனிகிருஷ்ணன் முடிவெடுத்தான். அப்படி ஒரு மகத்தான முடிவை எடுக்க அவனுக்கு அரை டம்ளர் காப்பி போதுமானதாக இருந்தது.

நகரி முழுக்க விடியற்காலையிலிருந்தே புகை. தெருவில் கிழிந்த பாயும் உடைந்த முறமும் எரிந்துகொண்டிருந்தன. அவன் நைனா பாலையா தறிக்கொட்டாயைப் பெருக்கித் தள்ளினார். மனைவி வரலட்சுமி அடுப்படிப் பரணைக் காலி செய்தாள். மொத்த வீடும் பழசைக் கழித்துக்கொண்டிருக்கும்போது பி.காம் படித்தவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்த வம்சத்திலேயே முதல் பட்டதாரி அவன். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். முனிகிருஷ்ணன் வேலை தேடித் திருப்பதி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். மகன் படிப்பு வீணாகக் கூடாதென்று நைனா ஒரு பவர்லூமை விற்று இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை, லாட்ஜுகளுக்கு விசிட்டிங் கார்டு என்று பிழைப்பு ஓடியது. அவன் பட்டதாரி என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான்.

அதனால் வரலட்சுமி அதன் பக்கம் வந்தாலே அவனுக்குப் பதறும். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்தவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, திருப்பதியில கம்ப்யூட்டர் சென்டர் தெறந்துகீறாங்க. காலையில பாசஞ்சர்ல போனா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடலாம். சேர்த்து உடுங்களேன்."

"இது இன்னா கிரைண்டரா? ஒரு பட்டனைத் தப்பா அமுக்கினா அவ்ளோதான். படிச்சவங்க கையில இருக்கணும்."

"நானும் படிச்சவதானே?"

"நீ படிச்சது வேற."

எப்படி வேறு என்று அவனுக்கே தெரியாது. அவள் கற்றுக்கொண்டு வந்தால், தனக்கு எவ்வளவு தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அவன் பயம் அதுதான்.

போகியைத் தொடங்கினான். உள்ளே இருந்த ஃபைல்களையெல்லாம் தேதிவாரியாக வரிசைப்படுத்தினான். திக்கென்றது. பெட்டி இந்த வீட்டுக்கு வருவதற்கு வருஷக்கணக்கில் முந்தைய ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன! ஒன்றைக்கூட அவன் செய்யவில்லை. ஒன்றின் பேரும் வாயில் நுழையவில்லை. யாரோ குடியிருந்துவிட்டுப் போன வீட்டில் அவர்கள் விட்டுப்போன சாமான் மாதிரி. பெட்டி மெதுவாக ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டான்.

அழிக்க ஆரம்பித்தான். 'இது சிஸ்டம் ஃபைல், அழித்தால் விண்டோஸ் ஓடாமல் போகலாம், நிச்சயமாக அழிக்கவா?' என்று பெட்டி கேட்டது. போகியன்று எந்த வீட்டில்தான் 'அதைத் தூக்கிப் போடாதே' என்று ஒரு குரல் கேட்காமலிருக்கும்? அதற்கெல்லாம் இடம் கொடுத்தால் சுத்தம் நடக்குமா? 'ஆமாம்' என்று அமுக்கினான். அமுக்கிக்கொண்டே போனான். கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்து, கைகளைத் தட்டிக்கொண்டு, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான்.

திரை கருப்பாக வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: இன்ன ஃபைலைக் காணோம், ஏதாவது ஒரு பட்டனை அமுக்கவும். அமுக்கினான். இன்னொரு ஃபைலைக் காணோம். அமுக்கினான். இன்னொன்றைக் காணோம். எரித்த சாமானையெல்லாம் பெட்டி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தது.

பழுது பார்க்கும் வழி ஒன்று அவனுக்குத் தெரியும். அரைகுறையாகவாவது ஓடட்டும் என்று சேஃப் மோடில் பெட்டியைக் கிளப்பினான். கெட்டுப்போன ஃபைலைத் தேடிச் சரிசெய்யும் கருவியை ஓடவிட்டான். அது, 'விண்டோஸ் சி.டி.யைப் போடு' என்றது. போட்டான். 'சி.டி. டிரைவ் எங்கே?' என்றது. கண்ணெதிரே விளக்கு எரிந்துகொண்டிருக்கும் டிரைவ்! சேஃப் மோடில் அதன் கண்ணுக்கு டிரைவ் தெரியாது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சரி, இன்னொரு கருவி. அதைத் தட்டினால், தான் ஓடுவதற்கு வேண்டிய ஃபைலே இல்லை என்றது. பழுது பார்க்க வேண்டியதையும் சேர்த்தே கொளுத்தியிருந்தான்.

தெருமுனை ரங்கையாவின் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். கண்ணாடி முழுக்க சினிமா போஸ்டர். கதவைச் சாத்திக்கொண்டு, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையிலிருக்கும் சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டான்.

"டேய், சிஸ்டம் ஃபைல் கொஞ்சம் போயிடுச்சிடா" என்றான் ரகசியமாக.

"கேக்கலடா! இன்னா போச்சு?"

"சிஸ்டம் ஃபைல்!"

"எப்படிடா போகும்? வைரஸா?"

"இல்லடா..."

"சத்தமா பேசுடா!"

"நானே அழிச்சிட்டேன்டா! பழசுன்னு நெனச்சி நானே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்!"

பெங்களூரிலிருந்து சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, "திருப்பதியிலேர்ந்து ஆள் வந்துதான் விண்டோஸைப் புதுசா போடணும். நீ இனிமே எதையும் தொடாதே" என்று வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. ரயில் நிலையம் வரை நடந்தான். ஒரு தறியை விற்று வாங்கிய பெட்டி. நைனாவிடம் என்ன சொல்வது? திரும்பி நடக்கும்போது ஒரு யோசனை உதித்தது. கேவலமான யோசனைதான். ஆனாலும் அவன் பரம்பரையிலேயே ஒரு பட்டதாரிக்கு உதித்த முதல் யோசனை.

வீட்டில் நைனா பெட்டியின் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் துடைப்பத்தோடு வரலட்சுமி.

"இன்னாடா, பொட்டி கருப்பா கீது?"

"போச்சு நைனா." முனிகிருஷ்ணன் அவள் பக்கம் கை காட்டினான். "லட்சுமி தூசி துடைக்கிறேன்னு எதையோ அமுக்கிட்டா போல."

சொல்லிவிட்டு, புயலுக்குத் தயாராக நின்றான். நான் தொடவே இல்லை என்பாள். சத்தியம் செய்வாள். அழுவாள். பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தான்.

வரலட்சுமி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா மாமா. நான்தான்."

முனிகிருஷ்ணன் ஆடிப்போய்விட்டான். குற்றத்தைச் செய்த அவனுக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"தெரியாமப் பண்ணிட்டேன் மாமா. கத்துக்காத கை. பெருக்கணும், துடைக்கணும், பக்கத்துல போகாமலும் இருக்க முடியாது. நாளைக்குச் சரி பண்ணி வெச்சாலும் திரும்ப எதையாவது அமுக்கிடுவேனோன்னு பயமா கீது."

"அதுக்கு இன்னாம்மா பண்றது?"

"திருப்பதியில சொல்லித் தர்றாங்களாம். ஆனா வேணாம் மாமா, அவரு ஒத்துக்க மாட்டாரு."

"ஏன் ஒத்துக்க மாட்டான்?" நைனா திரும்பினார். "தறி தெரியாதவளைத் தறிகிட்ட உட்டா நூலு அறுந்துகினேதான் இருக்கும். டேய், பொங்கல் முடிஞ்சதும் இவளைச் சேர்த்துடு."

"நைனா, அது வந்து..."

"இன்னா வந்து? தப்பு பண்ணது அவதானே?"

வாயைத் திறந்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். மூடினால் திருப்பதிக்கு அனுப்ப வேண்டும். முனிகிருஷ்ணன் பாதி திறந்த வாயோடு நின்றான்.

அடுப்படிக்குள் போய் அவளை மடக்கினான்.

"நீ தொடவே இல்லியே! ஏன் ஒத்துக்கினே?"

"நீங்கதானே சொன்னீங்க? புருஷன் பேச்சைத் தட்டலாமா?"

"வெளையாடாத லட்சுமி!"

"ரங்கையா பொண்டாட்டி செல்வியக்கா அப்பவே வந்து சொல்லிடுச்சு. பெங்களூருக்கு ஃபோனே தேவையில்லியாம், நீங்க கத்தினதே அங்க கேட்டிருக்குமாம்."

"தெரிஞ்சுமா நான்தான்னு சொன்னே?"

"தெரிஞ்சதாலதான் சொன்னேன்." வெல்லத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "நான் போக வேணாம்னா ஒரு வழி கீது. மாமாகிட்ட போய் நெசத்தைச் சொல்லிடுங்க."

அவள் அதைச் சொன்ன விதத்தில், அவன் ஒருநாளும் சொல்ல மாட்டான் என்ற நிம்மதி இருந்தது. அதுதான் முனிகிருஷ்ணனைச் சுட்டது. அன்றைக்கெல்லாம் யோசித்தான். அவள் திருப்பதியில் கற்றுக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, அவன் டைப் அடிப்பதைப் பார்த்து உதட்டைச் சுழிப்பதை மனக்கண்ணில் பார்த்தான். அதற்கு நைனா கையால் நாலு சாத்து வாங்குவதே மேல்.

பொங்கலன்று காலையில் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனான். நைனா வாசலில் கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒரு நெசம் சொல்லணும். பொட்டியைக் கெடுத்தது லட்சுமி இல்ல, நான்தான். அவமேல எந்தத் தப்பும் இல்ல. அதனால அவ திருப்பதிக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல."

நைனா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"தெரியும்டா. பூத்துக்கு வெளியில சாம்பலை வாரிக்கினு நானும்தான் நின்னுகினு இருந்தேன். அதனாலதான் அவளைச் சேர்க்கச் சொன்னேன்."