மழைக்கோட்டை ராணியை நான் பார்த்த கதை

நான் ஒரு சினிமாவைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இதை இப்போது தைரியமாக எழுதிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், என் மூத்த மகள் வேதாவைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்கு உயிர் போய்த் திரும்பியிருக்காது.

ஆசை இல்லாமல் இல்லை. பூந்தமல்லி டென்டுக் கொட்டகைக்கு ஒரே ஒரு முறை மூன்று குழந்தைகளோடு போனேன். விளக்கை அணைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இருட்டில் எவனாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? திரையைப் பார்க்காமல் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு தடவை எண்ணியபோது நான்கு வந்தது. (அந்த நான்காவது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து ஒப்படைப்பதற்குள் திரையில் 'சுபம்' போட்டுவிட்டார்கள்.)

அதன் பிறகு எனக்குச் சினிமா என்றால் பாட்டுப் புஸ்தகம்தான். பாரிவாக்கத்திலிருந்து குமணன்சாவடி வரை நடந்து, அங்கே பஸ் பிடித்துப் பட்டணத்தில் குமாஸ்தா வேலைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர், கொட்டகை வாசலில் விற்கும் புஸ்தகங்களை வாங்கி வருவார். முதலில் நடிகர்கள் பெயர், அடுத்துக் கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம் எப்போதும் கழுத்தறுக்கும் இடத்தில்தான் நிற்கும். கதாநாயகி கிணற்றில் குதிக்க ஒரு காலைத் தூக்கியிருப்பாள். கீழே, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று இருக்கும். தூக்கிய கால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே மீதியை நானே கட்டிக்கொள்வேன். என் முடிவுகளில் யாரும் சாகமாட்டார்கள். குழந்தைகள் கண்டிப்பாகத் தொலையமாட்டார்கள்.

இப்படியாக ஐம்பது அறுபது படங்களை அடுப்படியிலேயே முடித்து வைத்திருந்தேன். தெருப் பெண்கள் என்னிடம் வந்துதான் எந்தப் படத்துக்குப் போகலாம் என்று கேட்பார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

அந்த வருஷம் ஒரு சினிமாப் பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. வருஷா வருஷம் சிறந்த படத்துக்கு அவர்கள் வெள்ளிப் பதக்கம் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஐந்து படங்களைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு பட்டியல் போடுவார்கள். 'பட்டியலில் வரப்போகும் ஐந்து படங்கள் எவை? இப்போதே ஊகித்துக் காரணத்துடன் எழுதுங்கள். பார்த்த படங்களைப் பற்றி மட்டுமே எழுதவும்.' கடைசி வரி என் கண்ணில் படாமல் இல்லை. பட்டது. துடைத்துக்கொண்டேன்.

முதலிடத்தில் 'மழைக்கோட்டை ராணி'யைப் போட்டேன். புஸ்தகத்தில் அந்தக் கதை இப்படி நின்றிருந்தது: கொட்டும் மழையில் ராணி கைக்குழந்தையோடு கோட்டையை விட்டு ஓடுகிறாள், வாயிற்காவலன் தடுக்கிறான், மீதியை வெள்ளித்திரையில் காண்க. மழையில் கைக்குழந்தை. என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? 'காவலன் ஈட்டியை எறிந்துவிட்டுக் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடக்கும் காட்சியில் நான் வாய்விட்டு அழுதேன். சிறிய வேஷமானாலும் அந்த நடிகரை மறக்க முடியாது' என்று எழுதினேன். பெயரோடும் ஊரோடும் அப்படியே அச்சில் வந்தது. அந்த இதழை நான் பூஜை அலமாரியில் வைத்தேன்.

வேதாவுக்கு அதற்குமுன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகத் திருநின்றவூரில் ஓர் இடம். நிலம் நீச்சு உண்டு, பையன் ரயில்வேயில் வேலை. இதுவும் போனால் என்ன செய்வது என்று நான் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் வந்த அன்று, பையனின் தகப்பனார் கன்னியப்பன் பெண்ணைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கைகூப்பினார். கூட ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் அழைத்து வந்திருந்தார்.

"தங்கச்சி, சினிமாப் பத்திரிகையில எய்துனது நீதானே?"

"நான்தாண்ணே."

"அந்தக் காவக்காரன் நான்தாம்மா."

நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"மூணு நாளு மழைக்குன்னு பூவாளில தலைமேல தண்ணி ஊத்துனானுங்க. ஜொரம் வந்து படுத்துகினேன். அப்புறம் படம் வந்துச்சா போச்சான்னே எனக்குத் தெரியாது. ஊர்ல ஒருத்தன் நம்பல. இதோ குந்திகினு கீறானே மன்னாரு, நீ சினிமாவுல நடிச்சின்னா நான் லாட்டு தொரைன்றான். அதான் இட்டாந்தேன். உன் வாயால சொல்லு. பாத்தியா இல்லியா?"

மன்னார் என்னையே பார்த்தார். உள்ளே கதவிடுக்கில் வேதா பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும். அந்த மனிதருடைய மானமும் போகும். "பார்த்தேண்ணே" என்றேன். "ரெண்டு தரம் பார்த்தேன்." (ஒரு தரம் போதாதா? போதாது. என் நாக்கு அப்படி.)

கன்னியப்பன் மன்னாரைத் திரும்பிப் பார்த்த பார்வையை எந்தக் காமிராவும் பிடித்திருக்காது.

அந்த நேரத்தில்தான் பூ வாங்கப் பூந்தமல்லிக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். ஒரு கையில் மல்லிகை. இன்னொரு கையில் அந்தப் பத்திரிகையின் புது இதழ்.

"இன்னாமே, பட்டியல் வந்துடுச்சு. உன் ஊரும் போட்டுகீறான். எல்லாரும் கேளுங்க" என்று, தானே முன்னால் படித்துப் பார்க்காமல், உரக்க வாசிக்க ஆரம்பித்தார்.

"'பூந்தமல்லிப் பக்கத்து அம்மையார் ஒருவர் மழைக்கோட்டை ராணி படத்தின் முடிவில் வாய்விட்டு அழுததாக எழுதியிருந்ததை ஆராயாமல் வெளியிட்டுவிட்டோம். பாட்டுப் புஸ்தகம் மட்டும் முந்திக்கொண்டு வெளிவந்து, யுத்தத்தால் பிலிம் கிடைக்காமல் பாதியிலேயே நின்றுபோன அந்தப் படம் இதுவரை எந்தக் கொட்டகையிலும் ஓடவில்லை. அம்மையார் எங்கே அழுதார் என்று தெரிவித்தால்...'" இங்கே அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. ஆனாலும் குமாஸ்தா அல்லவா, வாக்கியத்தை முடித்துத்தான் நிறுத்தினார். "'...நாமும் அங்கே போய் அழத் தயாராயிருக்கிறோம்.'"

வீட்டுக்காரர் இதழை மடித்து மல்லிகைக்கு அடியில் ஒளித்தார்.

"அப்போ நீ பாக்கலியா, தங்கச்சி?" என்றார் கன்னியப்பன்.

"பார்க்கலைண்ணே. பாட்டுப் புஸ்தகம்தான்."

"நான் கொயந்தைய தூக்கினு வெள்ளத்துல போனது?"

"நானாக எழுதினது."

மன்னார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "காவக்காரனும் பொய், அழுத அம்மாவும் பொய். நல்ல சம்மந்தம்தாம்பா." கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். மூன்றாவது இடமும் போயிற்று.

"கொஞ்சம் இருங்க மாமா" என்று ஒரு குரல் கேட்டது. வேதா. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, அழைக்காமலே கூடத்துக்கு வந்து நின்றாள். கையில் என் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த 'மழைக்கோட்டை ராணி' பாட்டுப் புஸ்தகம். நடிகர்கள் பக்கத்தைப் பிரித்து நேராக மன்னாரிடம் நீட்டி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"நீங்களே படிங்க."

மன்னார் எழுத்துக்கூட்டினார். "வா... யிற்... கா... வலன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "தி... ரு... நின்ற... வூர்..." அதோடு புஸ்தகத்தை மூடப் பார்த்தார்.

"மீதியும் படிடா" என்றார் கன்னியப்பன்.

"கன்னியப்பன்" என்றார் மன்னார், ஏதோ கசாயம் குடித்தவர் மாதிரி.

அந்தக் கடைசி வரியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். முடிவு கட்டும் அவசரத்தில் பெயர் மனதில் தங்கவில்லை. கன்னியப்பன் புஸ்தகத்தை வாங்கித் தம் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "பொண்ணு நம்ம ஊட்டுப் பொண்ணு. சீரு செனத்தி ஒண்ணும் வாணாம். இந்தப் பொஸ்தகத்தக் குடுத்துடுங்க" என்றார். தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்குமேல் அதை வைத்துத்தான் நிச்சயம் செய்தோம். பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று பிடித்த படபடப்பு இன்னும் போகவில்லை. தபால்காரர் பத்திரிகை கொண்டுவந்தால் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் முதலில் நான் படித்துவிடுகிறேன். வீட்டில் நான் எதைச் சொன்னாலும், கத்திரிக்காய் சொத்தை என்றால்கூட, "நேர்ல பாத்தியா, பாட்டுப் புஸ்தகமா?" என்று கேட்கிறார்கள்.

சம்பந்தி பேரப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் கட்டிய முடிவுதான். வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. போன பொங்கலுக்குக் காவலன் இரண்டு முதலைகளைக் கொன்றான். பிள்ளைகள் சந்தேகப்பட்டால் என் பக்கம் கை நீட்டுகிறார்.

"உங்க ஆயாவையே கேளு. உலகத்துல அந்தப் படத்தைப் பாத்தவங்க அவங்க ஒருத்தர்தான்."

நான் தலையாட்டுகிறேன். முதலை எத்தனை என்று பிள்ளைகள் கேட்டால், மூன்று என்கிறேன்.